நிர்வாகிகள்: ஐந்து

இரவு ஒன்றரைக்கு
ஏறாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து
றிஸ்மியா மிஸ்ஸி எடுத்தா.
"புள்ள, உங்கட சைட்டத் துறந்தா
சூதாட்டம் வருகுது.
எனக்கு ஓ நெகட்டிவ் வேணும்."

களுவாஞ்சிக்குடியில் மழை.
மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை,
ரவுட்டரில் ஒரே ஒரு பச்சை.
குருதிக்கொடையாளர் சங்கம் என்றால்
அவ்வளவுதான்.

உண்மைதான்.
கொடையாளரைத் தேடும் பெட்டியில்
எந்த எழுத்தை அடித்தாலும்
பழங்கள் உருண்டன, காசுகள் கொட்டின,
அறியாத பாஷையில் யாரோ
என்னை வாழ்த்தினார்கள்.

முதலில் ரத்தம்.
பால்மா டின்னுக்குள் பொலித்தீனில் சுற்றிய பென்டிரைவ்,
அதில் பதினொரு நாள் பழைய பட்டியல்.
செங்கலடி, வாகீசன், டயர் கடை.
மூன்றாவது அழைப்பில் எடுத்தவர்
ஒன்றும் கேட்கவில்லை.
"வாறன்" என்றார்.

பிறகுதான் உள்ளே போனேன்.

இரண்டு வருடமாக
ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம்,
அதற்குள் இருபத்திமூன்று.
புதுப்பி, புதுப்பி என்று கேட்டுக்கொண்டே இருந்தது.
கை வைத்தால் உடைந்துவிடுமோ என்று
கை வைக்காமல் இருந்தேன்.
ஆண்டு விழாப் படங்கள் வழுக்கி வழுக்கி மாறுவதற்கென்று
ஒரு நாள் மட்டும் தேவைப்பட்ட பிளகின்
அங்கேயே கிடந்து
துருவேறியிருந்தது.

மாங்காட்டு முகாமின் படங்களுக்கு நடுவே
படம் மாதிரிப் பெயர் வைத்த ஒன்று.
படமில்லை.
திறந்தால் மூச்சுவிடாத ஒரே வரி,
ஆற்றுவாயை இரவோடிரவாக
யாரோ வெட்டிவிட்டுப் போனதுபோல்.

நிர்வாகிகள்: ஐந்து.
நான்.
ஒருமுறைகூட உள்ளே வராத தலைவர், டொக்டர்.
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு 'அட்மின்'.
மூன்று நாளுக்கு முன் பிறந்த,
ஊர் பேர் இல்லாத ஒருவன்.
கஜரூபன்.

கஜரூபன்தான் எல்லாம் கட்டியவன்.
இப்போது ருமேனியாவில், பாண் பேக்டரியில்.
அங்கே நடுச்சாமம், இங்கே மூன்றரை.
"என்ன பாஸ்வேர்ட் வச்ச நீ?"
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"என்ர மோட்டச்சைக்கிள் நம்பர்."
"அத வித்துப்போட்டெல்லோ போன நீ."
"ஓம்."
நம்பர் இன்னும் கல்லடிப் பாலத்தில்
யாரையோ ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

பிளகினா, நம்பரா,
எந்தக் கதவால் வந்தான் என்று
கடைசிவரை தெரியவில்லை.
இரண்டையும் நாங்கள்தான் திறந்து வைத்திருந்தோம்.

எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து
பதினொரு நாளுக்கு முந்திய தளத்தை மேலே ஏற்றினேன்.
கடவுச்சொற்கள் மாறின.
இனி நுழைய என் போனும் சம்மதிக்க வேண்டும்.
ஊர் பேர் இல்லாதவனை அழித்தபோது
கை நடுங்கவில்லை.

அறுநூற்று நாற்பது பேருக்கு
ஒரு செய்தி எழுத வேண்டியிருந்தது:
உங்கள் இலக்கம் வெளியே போயிருக்கலாம்.
மன்னிக்கவும்.
'மன்னிக்கவும்' என்பதை முதல் வரிக்கு ஏற்றினேன்,
இறக்கினேன்,
மறுபடி ஏற்றினேன்.

கஜரூபன் பெயரில் அழுத்தியதும்
அது கேட்டது:
இவர் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டையும்
அழிப்பதா,
வேறொருவர் பெயருக்கு எழுதுவதா?

காணி எழுதுகிற மாதிரி
என் பெயருக்கு எழுதினேன்.
மாங்காட்டில் ஊசியைக் கண்டு
நான் மயங்கி விழுந்ததை
அவன் பகிடியாக எழுதியிருந்தான்.
இப்போது அதையும்
நானே எழுதியிருக்கிறேன்.

ஆறு மணிக்கு றிஸ்மியா மிஸ்ஸியிடமிருந்து
ஒரே சொல்: "ஏத்தியாச்சு."
யாருக்கு என்று அவ சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கீழே மருந்துக்கடைக்காரர்
ஷட்டரைத் தூக்கும் சத்தம்.
ஓரத்தில் சிவப்பு வட்டம்
மறுபடி வந்திருந்தது,
உள்ளே ஒன்று.

அழுத்தினேன்.